சதுக்கத்தில் ஒரு நாக்கா

எனக்கு வேலை கிடைத்த செய்தியைச் சந்து முழுக்கச் சொல்லக் கிளம்பிய அம்மா, குழாயடியைத் தாண்டுவதற்குள்ளேயே களைத்துப்போனாள். நான் என்ன வேலை பார்க்கப் போகிறேன் என்பதை ஒரே மூச்சில் சொல்ல முடியாததுதான் காரணம்.

எதிர் வீட்டு அக்கா இடுப்பில் குடத்தோடு கேட்டாள். "மவளுக்கு என்ன சோலி கெடச்சிருக்கு, மைனி?"

"சோலி இல்லாதவங்களுக்குச் சோலி சொல்லுத சோலி."

"எங்க?"

"ஆபீஸ் செம்பூர்ல. சோலி இல்லாதவங்க ஐரோப்பாவுல."

அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். "வெள்ளக்காரனுக்கே சோலி இல்லியா? அப்ப எம் மவன அங்க அனுப்புதேன்னு ஒரு ஏஜென்ட் வாரா வாரம் வந்து சாயா குடிச்சிட்டுப் போறானே, அவன் எதுக்கு?"

"அத அவன்ட்டக் கேளு. இனிமே சாயாவ நிப்பாட்டு."

மும்பைத் தாராவியில் அன்று சாயாவை இழந்த அந்த ஏஜென்டுதான் என் வேலையால் பாதிக்கப்பட்ட முதல் மனிதர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய் முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் பி.காமும் முடித்தேன். இதைச் சொல்லும்போது என் தலை தானாகக் கொஞ்சம் நிமிரும். நிமிர்ந்த தலையோடு பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து, ஓராண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, உட்கார யாரும் விடவில்லை. எங்கள் சந்தில் வேலை இல்லாமல் இருப்பது ஊர்ப் பொதுக் காரியம். காய்கறி வாங்கப் போனால் "இன்னும் ஒண்ணும் ஆகலியா?" என்பார்கள். அதை வருத்தத்தோடு கேட்பவர்கள் பாதிப் பேர், சுவாரஸ்யத்தோடு கேட்பவர்கள் பாதிப் பேர். ஆனால் எல்லோரும் எங்காவது சொல்லி வைப்பார்கள். தோல் பட்டறை வைத்திருக்கும் பாய், பைகளுக்கு ஜிப் சரிபார்க்க வரச் சொன்னார். கோவண்டியில் சர்ச்சுக்குப் போகும் அம்மாவின் தோழி, டியூஷன் எடுக்க மூன்று வாண்டுகளைப் பிடித்து அனுப்பினாள். அம்மா மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறாள். அந்த வீட்டு மாமி யாரிடமோ சொல்லி வைத்து, அவர் இன்னொருவரிடம் சொல்லி வைத்து, கடைசியில் அது செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மூன்றாவது மாடியில் எனக்கான நாற்காலியாக முளைத்தது. ஆறு மாதம் தற்காலிகம். நல்லபடியாக முடித்தால் நிரந்தரம். அந்த நிரந்தரம் என்ற சொல்லை அம்மா பொங்கல் பானையைப் பார்ப்பதுபோலத் தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை இதுதான். ஐரோப்பாவில் ஒரு நாடு. அதன் பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பெண்கள் மாதிரி "அந்த நாடு" என்றே சொல்லிப் பழகிவிட்டது. அங்கே வேலை இல்லாதவர்கள் அரசாங்கத்தின் ஆலோசனைப் பக்கத்துக்கு எழுதுவார்கள். முதலில் இயந்திரம் பதில் சொல்லும். அது சொல்வதைக் கேட்டுக் கேட்டு வெறுத்து, "ஆள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கத்தினால் அந்தக் கத்தல் செம்பூருக்கு வரும். அவர்கள் மொழியில் எழுதுவதைத் திரை ஆங்கிலமாக்கித் தரும், நான் ஆங்கிலத்தில் எழுதுவதை அவர்கள் மொழியாக்கி அனுப்பும். எனக்கென்று தயார்ப் பதில்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். "உங்கள் விவரக் குறிப்பை மெருகேற்றுங்கள்." "உங்கள் பலங்களை அடையாளம் காணுங்கள்." "நம்பிக்கை இழக்காதீர்கள்." மாமி சொல்லி வைத்து வேலைக்கு வந்த நான், மூன்றாவது பொத்தானை அழுத்தும்போதெல்லாம் சுற்றும்முற்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

நான் சேர்ந்தபோது திரை நீல நிறம். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் பச்சையாக இருந்தது. வைரஸ் புகுந்துவிட்டது என்று பயந்து டீம் லீடரைக் கூப்பிட்டேன். அவர் மாட்டுங்காக்காரர். மூன்று தலைமுறையாக ஆபீஸ் போகும் குடும்பம், அவர் நடையிலேயே அது தெரியும்.

"வைரஸ் இல்லம்மா. அங்க மினிஸ்டர் மாறிட்டார். புது மினிஸ்டர், புது ஸ்கீம், புது கலர்."

"பதில்லாம் மாறுமா மேடம்?"

"பதில் எதுக்கு மாறணும்? கேள்வி அதேதானே."

அப்படித்தான். அமைச்சர் மாறினால் திட்டத்தின் பெயர் மாறும், நிறம் மாறும், அமைச்சரின் சிரிப்பும் மாறும். வேலை கேட்பவர்கள் மட்டும் மாறாமல் அதே ஆட்களாக வருவார்கள். நான்காவது மாதத்தில் ஆரஞ்சு வந்தது. எங்கள் ஊர் அரசியல்வாதிகள் தேர்தலுக்குத் தேர்தல் வந்து வேலை தருவதாகச் சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்களுக்கு அங்கே அண்ணன் தம்பிகள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஆரஞ்சு நாட்களில்தான் அந்தப் பாலக்காரர் வந்தார். பாலங்கள் கட்டப் படித்த பொறியாளர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம்.

அவருடைய முதல் கேள்வி: "நீங்கள் மனிதரா?"

"ஆமாம்."

"நிரூபியுங்கள்."

"எனக்குப் பசிக்கிறது. இடைவேளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது."

"நம்புகிறேன். இயந்திரம் ஒருபோதும் பசிக்கிறது என்று சொன்னதில்லை."

விவரக் குறிப்பை மெருகேற்றச் சொல்லும் பொத்தானை அழுத்தினேன்.

"அதற்கு மேல் மெருகேற்றினால் என் முகமே அதில் தெரியும்" என்று எழுதினார். "விண்ணப்பம் எழுதச் சொல்லித் தர என்னை வகுப்புக்கு அனுப்பினார்கள். நீலத்தில் ஒரு சான்றிதழ், பச்சையில் ஒரு சான்றிதழ். இப்போது ஆரஞ்சு வகுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஆற்றுப் பாலம் விரிசல் விட்டு மூடிக் கிடக்கிறது. குறுக்கே ஒரு பலகை. 'விரைவில் பழுதுபார்க்கப்படும்' என்று எழுதியிருக்கிறது. நான் பள்ளியில் படித்தபோது வைத்த பலகை. அதைப் பார்த்துத்தான் பாலம் கட்டப் படித்தேன். படிப்பு முடிந்துவிட்டது. பலகை இன்னும் இருக்கிறது."

"ஏன் பழுதுபார்க்கவில்லை?"

"பாலத்துக்குப் பணம் இல்லையாம். வகுப்புக்கு இருக்கிறது. நீங்களும் நானும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோமே, இதற்கும் இருக்கிறது."

இந்த இடத்தில் நான் "நம்பிக்கை இழக்காதீர்கள்" பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் இருந்த தாராவிக்காரி முந்திக்கொண்டாள்.

"உங்கள் ஊரில் நாக்கா எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

உலகத்தில் எந்த ஊராக இருந்தாலும் ஒரு நாக்கா இருக்கும் என்பதுதான் என் எண்ணம். என் அப்பா சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். நான் பிறந்ததிலிருந்து காலையில் நாக்காவில் போய் நிற்பவர். நான்கு சாலைகள் கூடும் இடத்தில் கொத்தனார், பெயின்டர், தச்சர், குழாய் வேலைக்காரர் எல்லோரும் நிற்பார்கள். ஆள் தேவைப்படுகிறவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் அப்பாவுக்கு டிபன் டப்பா கொடுத்துவிட்டுப் போவது என் வேலை. அதனால் நாக்காவின் சட்டதிட்டங்கள் எனக்கு வாய்ப்பாடு மாதிரி.

"நாக்கா என்றால் என்ன?" என்றார் அவர். திரை அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்கத் தெரியாமல் அப்படியே அனுப்பியிருந்தது.

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் என் விரல்கள் ஐந்து மாதம் காத்திருந்தன போல. காலையில் சீக்கிரம் போக வேண்டும். உட்காரக் கூடாது, உட்கார்ந்தவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். உங்கள் தொழில் என்ன என்று கேட்காமலே தெரிய வேண்டும், அதனால் கருவியைக் கையில் பிடித்திருக்க வேண்டும். வண்டி வந்து நின்றால் ஓடக் கூடாது, ஓடினால் மதிப்புக் குறையும். பக்கத்தில் நிற்பவனைவிடக் குறைந்த கூலிக்கு வருகிறேன் என்று சொல்லவே கூடாது. எல்லாவற்றையும் எழுதினேன்.

"எந்த இடத்தில் நிற்க வேண்டும்?"

"வேலை கொடுக்கக்கூடியவர்களின் கண்ணில் படுகிற இடத்தில்."

"அப்படியா," என்றார். பிறகு, "அந்த இடம் எனக்குத் தெரியும்" என்று எழுதிவிட்டு, எனக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று டீமிலேயே எனக்குத்தான் ஐந்து. ஹார்பர் லைன் ரயிலில் திலக் நகர் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் பாலக் கதையைச் சொன்னதும் அம்மா கரண்டியோடு திரும்பினாள். "என்னட்டி சொல்லுத? பாலம் ஒடஞ்சி கெடக்கு. பாலம் கட்டுதவன் வீட்டுல கெடக்கான். நடுவுல ஒருத்தன் ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டுச் சம்பளம் வாங்குதான், அவன் பேரு மந்திரியா?"

"ஆமாம்மா."

"பொழைக்கத் தெரிஞ்சவன்."

அப்பா வானொலியில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம ஊரு மாதிரியே இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒலியைக் கூட்டினார்.

மூன்று வாரம் போயிருக்கும். என் ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. மதிய ஷிப்டுக்கு உள்ளே நுழைந்ததும் டீம் லீடர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் முகத்தில் மாட்டுங்காவின் மூன்று தலைமுறையும் கவலையாக உட்கார்ந்திருந்தது.

"இந்த போட்டோவப் பாரு."

பெரிய சதுக்கம். பின்னால் தூண்கள் வைத்த பெரிய கட்டடம், அந்த நாட்டின் தொழிலாளர் அமைச்சகம். அதன் படிகளுக்கு நேர் எதிரே வரிசையாக இளைஞர்கள், இளம்பெண்கள். ஒருவர் தலையில் ஹெல்மெட், கையில் சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டம். என் பாலக்காரரேதான். பக்கத்தில் பூகோள உருண்டையோடு ஒரு பெண், டீச்சராக இருக்க வேண்டும். தோசைக்கல் அளவு வாணலியோடு ஒருவர். வயலினோடு ஒருவர். எல்லோருக்கும் மேலே ஓர் அட்டை, அதில் நான்கே எழுத்து: NAKA.

என் நிரந்தரம் போயிற்று என்று தெரிந்தது. கூடவே, சொன்னால் நம்பமாட்டீர்கள், தலையும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"தெனமும் காலைல வந்து நிக்கறாங்களாம். போலீஸ் வந்து கேட்டா, 'கவர்ன்மென்ட் ஆலோசகர் சொல்லித்தான் நிக்கறோம்'னு சொல்லி, நீ சாட்ல எழுதினத பிரின்ட் எடுத்துக் காட்டறாங்க. லெட்டர்ஹெட்டோட! டிவில வந்துடுச்சு. நாக்கான்னா என்னன்னு அங்க பேப்பர்ல எழுதறான். ஸ்கிரிப்ட்ல எங்க இருக்கு நாக்கா? காட்டு, நானும் பார்க்கறேன்."

"இல்ல மேடம்."

"கன்ஃபர்மேஷன் அடுத்த வாரம், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அம்மா இனிப்புக்குச் சொல்லி வைத்திருந்தாள் என்பதும் ஞாபகம் இருந்தது.

"நாலு மணிக்கு அங்கேந்து கால் வரும். சாரி சொல்லு. ரெண்டு தடவ சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

நாலு மணிக்குத் திரையில் டை கட்டிய ஒரு மனிதர் தோன்றினார். அந்த நாட்டில் இந்த ஆலோசனைப் பக்கத்தை நடத்துகிறவர்களின் அதிகாரி. ஒல்லி, சோர்ந்த முகம். நான் முதல் சாரி சொன்னேன். இரண்டாவதைச் சொல்வதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"இந்த நாக்காவில் நின்றால் வேலை கிடைக்குமா?"

டீம் லீடர் ஆங்கிலத்தில் பாரம்பரியம், கலாச்சாரம் என்று ஏதோ ஆரம்பித்தார். டை கட்டியவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது சார்."

"யார் கொடுப்பார்கள்?"

"வேலை வைத்திருப்பவர்கள். வீடு கட்டுகிறவர்கள், சுவர் இடிந்தவர்கள்." இங்கேயே நிறுத்தியிருக்கலாம். "பாலம் உடைந்தவர்கள்."

மேசைக்கு அடியில் டீம் லீடரின் செருப்பு என் காலை மிதித்தது. நான் அவசரமாக இரண்டாவது சாரியைச் சொன்னேன். டை கட்டியவர் சிரித்தாரா, இருமினாரா என்று இன்றுவரை தெரியவில்லை. கை வாயை மறைத்துவிட்டது.

"பாலம் வேணுமா உனக்கு?" என்றார் டீம் லீடர், திரை அணைந்ததும். "சாரியோட ஏன் நிறுத்தல? எங்கம்மா மாதிரியே இருக்க நீ. அவளுக்கும் கடைசி வார்த்த அவளோடதா இருக்கணும்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீ எதுக்குட்டி நாக்காவ எல்லாம் அங்க கொண்டுபோற? ஒன்னய அதுக்கா படிக்க வச்சோம்?"

அப்பா என் போனை வாங்கி அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவருடைய கவலை வேறு.

"இந்த வயலின் வச்சிருக்க பய பாக்கெட்டுல கைய விட்டுட்டு நிக்கான் பாரு. இப்படி நின்னா எவன் கூப்புடுவான்? அந்த ஹெல்மெட்டுக்காரன் பரவால்ல. ஆனா கொஞ்சம் கூனுதான். நிமுந்து நிக்கச் சொல்லும்மா."

"இவளுக்கே சோலி போவப் போவுது, இவருக்குக் கூனு நிமுத்தணும்" என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்கத் தயார்ப் பதில்களைத் தவிர எதையும் அழுத்தவில்லை. யாரோ ஒருவர் எழுதிய நகைச்சுவைக்குக்கூட "உங்கள் பலங்களை அடையாளம் காணுங்கள்" என்று அனுப்பினேன். வாரக் கடைசியில் ஷிப்டுக்கு வந்து கணினியைத் திறந்தால், திரை ஊதா.

"மினிஸ்டர் மாறிட்டாரா மேடம்?"

"இல்ல. அவரேதான். ஸ்கீம்தான் புதுசு." டீம் லீடரின் முகத்தில் கவலையைக் காணவில்லை. வேறொரு படத்தைக் காட்டினார். அமைச்சர் படியிறங்கி வந்து சதுக்கத்தில் நிற்கிறார். பாலக்காரரின் ரசமட்டத்தை வாங்கிக் கையில் பிடித்திருக்கிறார், சாய்வாக. நல்ல சிரிப்பு. இளைஞர்களின் குரல் தன் இதயத்தைத் தொட்டுவிட்டதாகச் சொல்லி, உடனடியாக ஒரு நடவடிக்கையும் அறிவித்துவிட்டாராம்.

"பாலத்துக்குப் பணம் குடுத்துட்டாரா?"

"பாலமா? ஆலோசனைய டபுள் பண்ணியாச்சு! இவ்ளோ பேர் சதுக்கத்துல நிக்கறாங்கன்னா சரியான ஆலோசனை கிடைக்கலன்னு அர்த்தமாம். நமக்குப் பத்து சீட் எக்ஸ்ட்ரா. அடுத்த மாசமே ஆள் எடுக்கணும். அந்த ஊர் ஜனங்களோட மனசு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் ட்ரெயினிங் குடுக்கணும்னு அந்த டை கட்டினவரே எழுதியிருக்கார். உன்னைத்தான்." மேசைமேல் ஓர் உறையை வைத்தார். "கன்ஃபர்ம். இனிமே பாலம், கீலம்னு பேசாத."

புதிதாக ஒரு தயார்ப் பதிலும் சேர்ந்திருந்தது, ஊதாப் பொத்தான்: "தயவுசெய்து பொது இடங்களில் கூட்டமாக நிற்க வேண்டாம்."

உறையைப் பிரிக்காமலே வீட்டுக்குப் போன் செய்தேன். கன்ஃபர்ம் ஆனதையும் பத்து சீட்டையும் அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"பத்து சீட்டா?" என்றாள். "எதிர் வீட்டுக்காரி மவன் ப்ளஸ் டூதான். ஒங்க மேடம் எடுப்பாளா? பாய் மருமவ டிகிரி, சும்மா ஜிப் பாத்துக்கிட்டு இருக்கா. கோவண்டிக்காரி மவளும் டிகிரி, டியூஷன் எடுக்கா. இரு, நான் எல்லார்ட்டயும் சொல்லி வைக்கேன். நீ ஒங்க மேடத்துட்டச் சொல்லி வையி."

ஐரோப்பாவில் நின்றார்கள், செம்பூரில் வேலை முளைத்தது. என் படிப்பில் எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு கணக்கு வரவில்லை. நான் சிரித்தேன். உறை கையில் கொஞ்சம் கனமாக இருந்தது.

அன்று மாலை பாலக்காரர் வந்தார்.

"நீங்கள் மனிதரா?"

"இன்னும் பசிக்கிறது."

"நீங்களேதான்! கேளுங்கள், நாக்காவில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு பாட்டி வண்டியில் வந்து நின்றார். தோட்டத்துச் சுவர் சாய்ந்துவிட்டதாம். நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். இரண்டு நாள் வேலை. இனி அந்தச் சுவர்மேல் ரயிலே விடலாம். வாணலிக்காரரை ஒரு உணவகத்தில் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் இன்னும் நிற்கிறோம்."

"பாலம்?"

"பலகைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஊதா." அடுத்த வரியில் கேட்டார்: "அமைச்சர் ஏதோ அறிவித்தாரே, அதனால் ஒரு வேலையாவது உருவாகியிருக்குமா? உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்."

பொத்தான்களைப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

"பத்து" என்று எழுதினேன். "இங்கே. மும்பையில். உங்களுக்கு ஆலோசனை சொல்ல."

போய்விட்டார் என்றே நினைத்தேன்.

"அந்தப் பத்துப் பேரில் யாருக்காவது பாலம் கட்டத் தெரியுமா?" என்று வந்தது.

"ஒருத்தி டியூஷன் எடுப்பாள். இன்னொருத்தி ஜிப் சரிபார்ப்பாள்."

"நல்லவர்களை எடுங்கள். நாங்கள் கஷ்டப்பட்டு உருவாக்கிய வேலை." பிறகு, "நாளையும் நிற்கலாம் என்று இருக்கிறோம். இம்முறை நிதி அமைச்சகத்துக்கு எதிரே. ஆலோசகர் என்ன சொல்கிறீர்கள்?"

ஊதாப் பொத்தான் என் விரலுக்குக் கீழேயே இருந்தது. உறை பையில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீம் லீடர் யாருக்கோ போனில் பத்து நாற்காலிகளுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தட்டச்சு செய்தேன்.

"சீக்கிரம் போய்விடுங்கள். வயலின்காரரைப் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொஞ்சம் கூனுகிறீர்களாம், என் அப்பா சொன்னார். நிமிர்ந்து நில்லுங்கள்."